அப்பா போட்ட சுண்ணாம்புக் கோடு

சின்ன வயதில் நான் பயப்படாத பொருள் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. குக்கர் விசிலுக்குப் பயம், மிக்ஸிக்குப் பயம், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயம். அந்த நாய் கட்டிப்போட்டே இருக்கும் என்பது வேறு விஷயம். இது எனக்கு அப்பா வழியில் வந்த சொத்து. அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவில் அவருக்கு வேலை. எங்கே நின்றால் ஆபத்தில்லை என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் தன் உத்தியோகம் என்பார். அந்த உத்தியோகம் வீட்டிலும் தொடர்ந்தது. தீபாவளியன்று வாசலில் இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் தெருவின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கொளுத்துகிறவர் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். பிள்ளைகள் யாராவது தாண்டினால் அன்றைய தீபாவளி அத்தோடு முடிந்தது. தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று சாமியை நம்புவதுபோல நம்பினேன்.

அப்பாவுக்கு நேர் எதிர் மாமா, அம்மாவின் தம்பி. சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை. வாரம் முழுக்க ஆபீஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்வந்துவிட்டு, லீவு நாளில் ராக்கெட் செய்வார். பட்டாசுக்கடை ராக்கெட் இல்லை, நிஜ ராக்கெட்டின் குட்டி. முழ நீளத்தில் செய்த முதல் சிலவற்றை விடியற்காலையில் மைதானத்தில் விட்டுப் பார்த்தார். கோடு கிழித்த மாதிரி நேரே போயின. அதில் தைரியம் வந்து, என்னைவிட ஒரு தலை உயரமாக ஒன்றைச் செய்து, எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே அது நின்ற நாளெல்லாம் நான் அதற்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நடந்தேன்.

அம்மாவுக்கும் உள்ளூர உதறல்தான். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"டேய், இது நம்ம பக்கம் திரும்பிடாதே?"

"கீழ றெக்கை இருக்குல்லக்கா. அதுதான் நேரா புடிச்சு நிறுத்தும்."

"இத்துனூண்டு இருக்கே. இன்னும் பெருசா வை."

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி. இருந்த றெக்கைகளை அறுத்துவிட்டு, இரண்டு மடங்கு அகலத்தில் பைபர் தகடுகளை ஒட்டினார். பிய்த்துக்கொள்ளக் கூடாதே என்று பசையை அள்ளி அப்பினார், அதன்மேல் பெயிண்ட் வேறு. ராக்கெட் நன்றாகக் கனத்துப் போயிற்று. அதை மேலே தள்ளவேண்டிய மோட்டார் மட்டும் பழைய அளவுதான்.

திருவிடந்தைக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பெரிய மணல்வெளி. தோப்புக்காரரிடம் கேட்டு, போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவைத்து, ஒரு சனிக்கிழமை காலை போய் இறங்கினோம். காற்றே இல்லை. சவுக்கு இலை ஒன்றுகூட ஆடவில்லை. அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் தோப்புக்காரர் ராக்கெட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"இன்னா சார், இம்மாம் பெரிசா கீது. ராவு காலத்துல வுடுவியா? செத்த இரு, நான் பூ வாங்கியாறேன்."

அம்மாவுக்குச் சாமியே வந்து சொன்னது மாதிரி ஆகிவிட்டது. ராகு காலம் முடிந்து, அவர் பைக்கில் மாலையோடு திரும்பி, புது வண்டிக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் உச்சி வெயில் தாண்டிவிட்டது. கடல் காற்று கிளம்பி என் பாவாடையைப் படபடவென்று அடித்தது.

அப்பா ஒரு கை மணலை அள்ளி உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார். மணல் மேற்கே, ரோட்டுப் பக்கமாகப் பறந்தது. எது போனாலும் அந்தப் பக்கம்தான் போகும் என்று தீர்ப்பு சொன்னார். மாமாவும் தலையாட்டினார். பாராசூட் விரிந்து இறங்கும்போது காற்று அதை ரோட்டுப் பக்கம் தள்ளும் என்று அவரும் கணக்குப் போட்டிருந்தார். ஆகவே வேடிக்கை பார்க்க வந்து அந்தப் பக்கம் நின்றவர்களை எல்லாம் தோப்புக்காரர் விரட்டினார். எங்களைக் கடல் பக்கம் கூட்டிப்போய், அப்பா நாலு பக்கமும் சுண்ணாம்பால் கட்டம் போட்டார். உள்ளே பாய் விரித்து, அம்மாவையும் நாலு வயதுத் தம்பியையும் என்னையும் உட்காரவைத்தார். நடுவில் புளியோதரைத் தூக்கு. என்ன ஆனாலும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாமாவிடம் போனார்.

செங்குத்தாக நட்ட அலுமினியக் கம்பியை ஒட்டி ராக்கெட் நின்றது. மாமா பட்டனை அமுக்கினார். முதலில் புகை, பிறகு வயிற்றுக்குள் அதிரும் ஒரு சத்தம். தம்பி வீறிட்டான். ராக்கெட் சீறிப் பாயவில்லை. தூக்கமுடியாத மூட்டையைத் தூக்குவதுபோல மெல்ல எழும்பிற்று. கம்பியின் நுனியை விட்டதும் ஒரு கணம் தயங்கியது. பிறகு தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

மாமா பின்னாளில் இதைப் பலமுறை எனக்கு விளக்கியிருக்கிறார், நான் கேட்காதபோதும். கம்பியை விட்டு வெளியே வரும்போது ராக்கெட்டுக்குப் போதிய வேகம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கக் காற்றின் கை ஓங்கிவிடும். காற்று அதைப் பட்டம் மாதிரி தள்ளிக்கொண்டு போவதில்லை. அகலமான றெக்கை இருக்கும் வாலைத்தான் தள்ளுகிறது. வால் அந்தப் பக்கம் போனால் மூக்கு இந்தப் பக்கம் திரும்பும். நங்கூரம் போட்ட படகு காற்று வரும் திசைக்கு மூக்கை நீட்டி நிற்குமே, அப்படி. மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் மோட்டாரும் தள்ளும். றெக்கை பெரிதாகப் பெரிதாக இது இன்னும் அதிகம். அம்மாவின் பயத்தால் றெக்கை வளர்ந்தது, ராகு காலத்தின் புண்ணியத்தில் காற்று வந்தது, அப்பாவின் ஜாக்கிரதை எங்களைச் சரியாக அதன் எதிரே உட்காரவைத்தது.

அப்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? புகையை இழுத்துக்கொண்டு அது தாழ்வாக வந்தது. வரவரப் பெரிதாயிற்று. அம்மா தம்பியை இடுப்பில் அள்ளிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்து ஓடினாள். கோட்டருகே வந்ததும் நான் கையை உதறிக்கொண்டேன். தூரத்தில் அப்பா எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். ஏதோ கத்தினார். காற்று அதை அவர் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. என் பாவாடை நனைந்துவிட்டது. ஆனாலும் கட்டத்தின் மூலையில், கோட்டுக்கு உள்ளே, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

ஏதோ உடையும் சத்தம். மணல் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தபோது ராக்கெட் பாய்க்கு நடுவே பாதிவரை புதைந்து புகைந்துகொண்டிருந்தது. தம்பி உட்கார்ந்திருந்த இடம் அது. தூக்கு நசுங்கி, புளியோதரை மணலெங்கும் சிதறிக் கிடந்தது.

அப்பா வந்து என் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்மா ஓடல?"

"நீங்கதானேப்பா கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க?"

பெருமையாகத்தான் சொன்னேன். அம்மாவே தாண்டிவிட்டாள், நான் தாண்டவில்லையே. சமத்து என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா செருப்புக் காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம், அடுத்த பக்கம் என்று நாலு பக்கமும் அழித்தார். மாமா அழுதுகொண்டே, "அத்தான், விடுங்க அத்தான்" என்று தோளைத் தொட்டதற்கும் நிற்கவில்லை. ராக்கெட்டைப் பாழாக்கிவிட்டார் என்று மாமாமேல் கோபம்போல, என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு வாளி வந்தது, சாக்கு வந்தது, கோடு வரவில்லை. கடைசி வெடி வெடித்து முடியும்வரை அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளே வந்ததும், அப்பா கையை வலிக்க வலிக்கப் பிடிக்கிறார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.