சைனஸ் ஆபரேஷனும் கோவில்பதாகைப் பொன்னுருக்கும்

1. நாற்காலி

"பத்தரே, மூணு வாரத்துக்கு ஊதுகுழலை வாயில வைக்கக் கூடாது" என்று பட்டணத்து டாக்டர் சொன்னபோது நான் அவரை அடிக்கவில்லை. இரண்டு வார்டு ஆட்கள் என் கைகளை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள்.

நான் பூந்தமல்லியில் நகை செய்பவன். பொன்னை உருக்க, குழலால் நெருப்பை விடாமல் ஊத வேண்டும். வாய் ஊதும்போதே மூக்கு மூச்சை இழுக்க வேண்டும். என் மூக்கு இரண்டு வருஷமாக அடைத்து, கன்னத்துக்குள் சீழ் கோத்திருந்தது. அதனால்தான் கத்திக்குச் சம்மதித்தேன்.

இந்த ஆபரேஷனுக்குத் தூங்க வைக்கமாட்டார்கள். மருந்தில் நனைத்த துணியை மூக்கில் திணித்து மரக்க வைப்பார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, உளியால் எலும்பில் வாசல் திறப்பார்கள். வலி குறைவு, சத்தம் அதிகம். டாக்டர் உளி பிடித்த விதத்தைப் பார்த்து எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

2. நாடா

மறுநாள் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பிறகு மூக்கில் அடைத்த துணி நாடாவை உருவுவார்கள். அது வந்துகொண்டே இருக்கும்.

"இன்னும் நாடா கீதா ஐயா?" என்றேன்.

"பொடவை ஒடம்பு முடிஞ்சுது, முந்தானை மட்டும் பாக்கி" என்றார் கம்பவுண்டர்.

உதடு மரத்திருப்பதால் கஞ்சி தாடையில் வழிவது நமக்குத் தெரியாது. குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து விட வேண்டும். அடக்கினால் ரத்தம் கொட்டும்.

3. பொன்னுருக்கு

ஊர் திரும்பியதுமே கோவில்பதாகை ஊர்ப் பெரியவர் வந்து நின்றார். மகன் கல்யாணம். தாலிக்குப் பொன் உருக்க அந்த மூணு வாரத்துக்குள்ளேயே நாள் குறித்தாகிவிட்டது.

"உன்னால ஊத முடியாதுன்னா சொல்லு, வேற பத்தரைப் பாத்துக்கறேன்."

அவர் போனால் பங்காளி வீடுகள் அத்தனையும் அவர் பின்னால் போய்விடும். நான் விழிப்பதைப் பார்த்து என் மனைவி வெளியே வந்தாள். எனக்கு மூச்சு முட்டிய நாளிலெல்லாம் பட்டறையில் ஊதியவள் அவள்தான்.

"அவரு பக்கத்துல குந்தட்டும். நான் ஊதறேன்."

"பொம்பளையா?"

"குமுட்டி அடுப்பு மீசையா கேக்குது பெரியவரே?"

குறித்த நாளில் அவர்கள் நடுவீட்டில் குமுட்டியை மூட்டினோம். பொன் உருக்கும் மண்கிண்ணமான மூசையில் பொற்காசு வைத்தோம். அவள் ஊதினாள். காசின் ஓரம் இளகுகிற நேரத்தில் கரிப்புகை என் மூக்கில் ஏறியது. நல்ல நேரத்தில் தும்மினால் அபசகுனம். அடக்கினால் என் ஈறில் போட்ட தையல் பிரியும். எழுந்து ஓடலாம் என்றால் சுற்றிலும் தாம்பாளத்தோடு பெண்கள்.

வாயைப் பிளந்து தும்மினேன். குத்துவிளக்கு அணையாதது ஆச்சரியம்.

"தும்மிட்டான்! நிறுத்துங்க!" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

அவள் குழலை எடுக்கவில்லை. காசு உருகி மணியாகத் திரளும்வரை ஊதிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பழைய மூக்கை ஆஸ்பத்திரியில வுட்டுட்டு வந்துகீறாரு பெரியவரே. புது மூக்குக்குச் சகுனம் எந்தப் பஞ்சாங்கத்துல போட்டுகீது?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் தாம்பாளங்கள் குலுங்கின. பெரியவர் மூசைக்குள் எட்டிப் பார்த்தார். பொன் பழுதில்லாமல் மின்னியது.

"சரி, தாலியைச் செய்யி" என்று உட்கார்ந்தார்.

தை மாதம் அவர் தம்பி வீட்டுப் பொன்னுருக்குக்கு ஆள் வந்தது. அதற்குள் என் மூக்கு நன்றாக ஆறி, நானும் பழையபடி ஊதிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரு அக்காவை வரச் சொன்னாரு" என்றான் வந்தவன், என் மனைவியைக் காட்டி. "உங்களை ஊட்டுலயே இருக்கச் சொன்னாரு."

ஆபரேஷனுக்குப் போகும் முன் வீட்டில் ஒருவருக்காவது உங்கள் தொழில் தெரிந்திருக்கட்டும். மூக்கு ஆறிவிடும். திரும்பி வரும்போது தொழிலில் நீங்கள் உட்கார்ந்த மணை காலியாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.