வீட்டு நிலைமைக்கும் மார்க் போட்ட கல்லூரி

பிள்ளைகளா, இதை எழுதுகிற நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து, என் மகளுக்குக் காலேஜில் இடம் கேட்டுப் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் அதிகம். நான் ஒரு கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தேன். மருந்து என்றால் குடிக்கிற மருந்து இல்லை, வெடிக்குள் அடைக்கிற பொடி. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை மட்டும் பெண்கள் வீட்டிலேயே சுற்றிக் கொடுப்பார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவி எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாலு மாசம் சீசன். ஆர்டர் குவிந்துவிட்டால் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடும். என் மகளும் உட்கார்ந்தாள். விடியக்காலை எழுந்து சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். லோடு ஏற்றுகிற வாரத்தில் பள்ளிக்கூடமே போக மாட்டாள்.

பிள்ளைகள் வேலை பார்க்கிறார்களா என்று சோதிக்க ஆபீசர்கள் ஜீப்பில் வருவார்கள். ஜீப் ரோட்டில் திரும்புவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிடும். குழாய்களைச் சாக்கில் தள்ளி, பசைச் சட்டியை அடுப்படியில் ஒளித்து, பிள்ளை கையில் புத்தகத்தைத் திணிப்போம்.

"கேட்டா என்ன சொல்லணும்?"

"ஸ்கூலுக்குப் போறேன் சார். வேலைக்குப் போகலை சார்."

நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான். பேப்பரோடு ஒருவர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். எதற்குக் கேட்கிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

மகள் சாத்தூரில் பிளஸ் டூ முடித்தாள். ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் மார்க். அவளுக்குக் கணக்குப் பாடம் எடுத்த டீச்சர் மதுரைப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கல்லூரியின் அப்ளிகேஷனை வாங்கிக் கொடுத்து, "இதிலே மார்க்கை மட்டும் பார்க்க மாட்டாங்க. வீட்டைப் பத்தியும் கேட்பாங்க. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லு" என்று அனுப்பினார்.

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கம்பெனிக் கணக்கரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, அப்பா தொழில், அம்மா தொழில், அப்பா படிப்பு, அம்மா படிப்பு, படிக்கையிலே பிள்ளை வேலைக்குப் போச்சா, அம்புட்டும் கேக்கான். பொண்ணு பாக்க வாறவன் கூட இம்புட்டுக் கேக்க மாட்டான்" என்றார்.

"என்ன எழுதலாம்?"

"பெரிய காலேஜு. பட்டாசு வேலைன்னு எழுதினா ஓரமா வச்சிருவாக. வியாபாரம்னு போடுவோம். படிப்பு பத்தாவதுன்னு போடுவோம். அண்ணிக்கும் அஞ்சாவது போடுவோம், பாவம். பிள்ளை வேலை பாத்துச்சான்னு கேட்டதுக்கு இல்லைன்னு போடுவோம்."

மகள் பின்னால் நின்றாள். "அப்பா, டீச்சர் உள்ளதை எழுதச் சொன்னாக."

"டீச்சருக்கு என்ன தாயி, ஜீப்பு அவுக வீட்டுக்கா வருது?" என்று சொல்லிவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது. படிக்கத் தெரியவில்லை.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கல்லூரியை நான் எப்படிச் சொல்வேன்? கேட்டிலிருந்து கட்டடம் வரைக்கும் மர நிழல். வழியில் நூலகம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற மாதிரி தரையிலிருந்து கூரை வரைக்கும் புத்தகம். அத்தனையும் மனிதர்கள் எழுதியது, அத்தனையையும் படிக்கவும் ஆள் இருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. நேர்காணல் அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். பியூன் சிரித்து, "போட்டுக்கிட்டே போங்க, இது கோயில் இல்லை" என்றார். எனக்கு என்னவோ மனசு வரவில்லை. கழற்றிவிட்டே போனேன்.

உள்ளே இரண்டு பேர். நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர், கண்ணாடி போட்ட பேராசிரியை அம்மா ஒருவர். நாங்கள் நுழைந்ததும் அந்த அம்மா எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் எனக்காக எழுந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர் கேட்டார். "அப்பா வியாபாரம்னு போட்டிருக்கு. என்ன வியாபாரங்க?"

"வெடிங்கய்யா."

"ஓ, சிவகாசிப் பக்கம். சொந்தக் கம்பெனியா?"

நான் மேசையில் இருந்த அப்ளிகேஷனையே பார்த்தேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் கட்டம் கட்டமாக எண் போட்டார். எங்களுக்கு வரிசையாகச் சைபர் விழுந்தது. நான் கௌரவம் என்று எழுதினதெல்லாம் அங்கே சைபர் ஆகிக்கொண்டிருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

பேராசிரியை அம்மா பள்ளிக்கூடத்தின் வருகைச் சான்றைப் பார்த்தார். "ஏம்மா, ஆகஸ்ட், செப்டம்பர் மாசத்துல நிறைய நாள் லீவு. ஏன்?"

"உடம்பு சரியில்லை மேடம்" என்றாள் மகள், யோசிக்காமல்.

"போன வருஷம்?"

"அப்பவும் உடம்பு சரியில்லை மேடம்."

"வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடிதான் உடம்பு சரியில்லாமப் போகுமா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பயந்து பார்த்த பார்வை இல்லை அது. சொல்லட்டுமா என்று உத்தரவு கேட்கிற பார்வை. பத்து வருஷமாக நான் போட்டு வைத்த பூட்டு, நான்தான் திறக்க வேண்டும்.

"சொல்லு தாயி" என்றேன்.

அவள் சொன்னாள். அழவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. குழாய் சுற்றியது, எத்தனை மணிக்கு எழுந்தது, ஒரு கையில் குழாய் உருவிக்கொண்டே தரையில் விரித்த புத்தகத்தைப் படித்தது, பசை பட்டுப் பக்கம் ஒட்டிக்கொண்டால் அந்தப் பாடத்தைத் தோழியிடம் கேட்டது. அப்பா முதலாளி இல்லை, மருந்து ரூமில் கூலி என்பது. அம்மா பள்ளிக்கூடமே போகாதது. அவள் ஒரு கையால் படித்தாள் என்பது, ஒரே வீட்டில் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, இதையெல்லாம் கேக்கத்தானே இந்த அப்ளிகேஷனே. ஏன் மறைச்சீங்க?"

"பிள்ளை வேலை பாத்துச்சுன்னு எழுதிக் குடுத்தா கேஸ் ஆயிரும்னு பயம்ங்கய்யா."

அவர் அப்ளிகேஷனின் அடியில் இருந்த சின்ன எழுத்தைத் தொட்டுக் காட்டினார். தப்பான தகவல் கொடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடி என்று அதில் இருந்ததாம். என் கையெழுத்து அதற்கு நேர் கீழே இருந்தது.

வேறு எந்தக் காலேஜுக்கும் நாங்கள் போடவில்லை. இது போனால் மகளுக்குக் குழாய்க் கம்பிதான்.

எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதல்வரிடம் போனார்கள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நான் தொடவில்லை. மகள் மட்டும் சாப்பிட்டாள். "சாப்பிடுங்கப்பா. உண்மையைச் சொல்லிட்டு எனக்கு ரொம்பப் பசிக்கி" என்றாள்.

பேராசிரியை அம்மா வந்தார். "தள்ளுபடி பண்ணலை. ஆனா நீங்க லேட்டாத் திருத்துறீங்க. முதல்லயே உள்ளதை எழுதினவங்களுக்குப் பின்னாடிதான் நிக்கணும், காத்திருப்பு லிஸ்ட்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பள்ளிக்கூடத்து லெட்டர் வேணும்."

அன்றைக்குச் சாயங்காலமே சாத்தூரில் டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "வெடிக் கம்பெனி முதலாளியா நீங்க? வாங்க முதலாளி, உள்ள வாங்க" என்றார். லெட்டர் டீச்சரே எழுதி, தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மகள் சீசன் மாதங்களில் வீட்டில் வேலை செய்துகொண்டே படித்தாள் என்று அதில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"டீச்சர், இதை வச்சு யாரும் கேஸ் போட்டுருவாகளா?"

"போட்டா நானும் சாட்சிக்கு வாறேன். ஜெயில்ல உக்காந்து உங்களுக்கு ஒன்பதாவது பாடம் நடத்துறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

மறுநாள் லெட்டரைக் கொடுத்தேன். பெரியவர் அந்தக் கட்டத் தாளை எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, சைபர்களை அடித்துவிட்டு ஒவ்வொன்றாக எழுதினார். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வருகிற பிள்ளை என்பதற்கு, வேலை பார்த்துக்கொண்டே படித்ததற்கு, என் எட்டாம் வகுப்புக்கு இரண்டு, பள்ளிக்கூடம் போகாத என் மனைவிக்கு மூன்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் எதை எதைச் சாக்குக்குள் தள்ளி ஒளித்தோமோ அதற்கெல்லாம் அந்த மனிதர் எண் போட்டுக்கொண்டிருந்தார்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "பாவம் பாத்துக் குடுக்கீகளாய்யா?"

"இல்லைங்க. இவ மார்க்கையே வாங்கின டாக்டர் வீட்டுப் பிள்ளையும் வந்திருக்கு. அதுவும் நல்லாப் படிச்ச பிள்ளைதான். ஆனா அதுக்கு டியூஷன் உண்டு, தனி ரூம் உண்டு, சொல்லிக் குடுக்க அப்பா அம்மா உண்டு. உங்க பிள்ளை ஒரு கையால படிச்சு அதே மார்க் வாங்கியிருக்கு. ரெண்டு கையும் கிடைச்சா என்ன பண்ணும்னு பாக்க எங்களுக்கு ஆசை. இது எங்க சுயநலம்."

பிள்ளைகளா, இப்படி யோசிக்கிற மனிதர்கள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இருப்பார்கள் என்று எனக்கு நாற்பது வயது வரைக்கும் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது விருதுநகர் தாண்டும் வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் லிஸ்டில் அவள் எண் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதற்குக் காரணம் நான். கணக்கரை நான் குறை சொல்ல மாட்டேன், கையெழுத்து என்னுடையது. அந்த இரண்டு வாரமும் மகள் அம்மாவோடு உட்கார்ந்து குழாய் சுற்றினாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கம்பி உரசுகிற சத்தம் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மூன்றாவது லிஸ்ட் ஒட்டுகிற அன்றைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைசியிலிருந்து இரண்டாவதாக அவள் எண் இருந்தது. பக்கத்தில் மூன்று கட்டம்: பரீட்சை மார்க், வீட்டுநிலைப் புள்ளி, கூட்டுத்தொகை. மகள் விரல் வைத்து மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, பீஸ் கட்டிக் கையெழுத்துப் போட உள்ளே ஓடினாள்.

என் மனைவி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுல நம்மளுது எது?"

நடுக்கட்டத்தைக் காட்டினேன்.

"அதுல என்னோடது எம்புட்டு?"

"மூணு."

"உங்களுக்கு?"

"ரெண்டு."

"உங்களைவிட எனக்குக் கூடவா?" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

பின்னால் வந்த பிள்ளைகள் அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டித் தங்கள் எண்ணைத் தேடினார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லு, பிள்ளைக பாக்கட்டும்" என்றேன்.

"இருங்க, நானும் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவளுக்கு எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரியாது. மகள் ரசீதோடு வந்து கையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை.