பாறைக்குப் பின்னாலிருந்து வந்த பதில்

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு டிசம்பர் தொடக்கத்தில், அமீரகத்தின் தேசிய தின விடுமுறையின்போது நடந்தது இது. அப்போது நான் துபாயில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். என் கணவருக்கு அங்கேயே தேரா பகுதியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. அந்த அலுவலகத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு முழுப் படகை நாள் வாடகைக்கு எடுத்தோம். இடம் ஓமானின் வடமுனையில் இருக்கும் கசப். ராஸ் அல் கைமா தாண்டி, எல்லைச் சாவடியைக் கடந்தால், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய சாலை அங்கே கொண்டுபோய் விடும்.

ஏற்பாடு எல்லாம் அலுவலகக் கணக்குப் பிரிவின் தலைவருடையது. கீழக்கரைக்காரர். எல்லாருக்கும் அவர் பாய். படகு பேசியது, மீன் வாங்கியது, பாட்டுக் கேசட் கொண்டுவந்தது எல்லாம் அவர்தான். எங்களில் ஒருவருக்காகத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று யோசித்து வைத்ததும் அவர்தான்.

அந்த ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். திருநெல்வேலிக்காரர், அலுவலகத்தில் சரக்கு ஆவணங்களைப் பார்ப்பவர். கார்த்திகை பிறந்ததிலிருந்து அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எங்களுக்குச் சாமி, பாய்க்கும் சாமி, கூட வந்திருந்த அவர் மனைவிக்கும் சாமி. கறுப்பு வேட்டி, தாடி. அலுவலகத்தில் மட்டும் பூட்ஸ், மற்ற இடங்களில் வெறுங்கால். எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட் படத்தில் இருந்த மழித்த முகத்தையும் எதிரே நின்ற தாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “முதவ்வா?” என்று கேட்டார். மதப் பற்று மிகுந்தவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“ஆமா, எங்க ஊர் முதவ்வா” என்றார் பாய். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

படகு மரத்தில் செய்தது. மேல்தளம் முழுவதும் கம்பளம் விரித்து, ஓரங்களில் சாய்ந்துகொள்ளத் தலையணைகள் போட்டிருந்தார்கள். சொல்லி வைத்ததுபோல் பெண்கள் பின்பக்கம், ஆண்கள் முன்பக்கம் என்று உட்கார்ந்துவிட்டோம். கேப்டன் கசப்பைச் சேர்ந்தவர். அவருக்கு உதவியாக வங்கதேசத்து மாலுமி ஒருவர். ஏறும் இடத்திலேயே அந்த மாலுமி ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு எல்லாருடைய செருப்பையும் வாங்கிப் போட்டார். கம்பளம் அழுக்காகக் கூடாது என்பதற்காக என்று நினைத்தேன். அதற்கு இன்னொரு பயனும் இருப்பது பிறகு தெரிந்தது. கரையில் இறங்கும்போது செருப்பை எடுத்துக் கொடுப்பார். திரும்பி ஏறும்போது வாங்கிப் போடுவார். கூடை பழையபடி நிறைந்தால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். பல மொழிக்காரர்களை ஏற்றி இறக்குகிறவருக்கு நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றியது.

இருபுறமும் செங்குத்தான மலைகள். நடுவே கடல் ஒரு பெரிய ஆறுபோல வளைந்து வளைந்து உள்ளே போகிறது. டால்பின்கள் வந்தன, எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினோம், கேப்டன் கத்தினார், திரும்ப உட்கார்ந்தோம். வழியில் சின்னச் சின்னத் தீவுகள். அவற்றில் ஒன்றின் அருகே நங்கூரம் போட்டார்கள். கைக்குட்டை அளவு மணல், அதன் இருபுறமும் பாறை. படகு அதுவரை போக முடியாது. சிறிய ஃபைபர் படகு ஒன்றில் பகுதி பகுதியாகக் கொண்டுபோய் விட்டார்கள்.

படகிலேயே மீன் சுடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சாமி ஆரம்பத்திலிருந்தே எங்களோடு இல்லை, படகின் முன்முனையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“சாமி, காத்து உங்க பக்கமாத்தான் அடிக்குது. மூக்கைப் பொத்திக்கங்க. வாசம் புடிச்சாலே விரதம் போயிரும்” என்றார் பாய்.

“நீங்க தின்னுங்க பாய். எனக்குப் பசி கண்ணு வரைக்கும் வந்தாச்சு, வாசம் வந்து என்ன செய்யப்போவுது?”

பகலில் அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அதனால் கடைசி நடையில் அவரும் ஒரு துண்டோடு கரைக்கு இறங்கினார். மணலோரமாக நாங்கள் பெண்களும் குழந்தைகளும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் நின்று பார்த்துவிட்டு, பாறையின் மறுபக்கமாக நடந்து போனார். இதை நான் பார்க்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டது.

சிறிய படகு எங்களைப் பகுதி பகுதியாகத் திரும்பக் கொண்டுவந்தது. மாலுமி செருப்புகளை வாங்கிக் கூடையில் போட்டார்.

“சப் சப்பல் ஆ கயா?” என்று மேலிருந்து கேட்டார் கேப்டன். எல்லாச் செருப்பும் வந்ததா என்று.

“ஆ கயா, கேப்டன்.”

நங்கூரம் ஏறியது. பாட்டு ஒலித்தது. படகு திரும்பி அடுத்த வளைவுக்குள் போனது.

சாப்பாடு எடுத்து வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிரியாணி, சுட்ட மீன், வெங்காயம். பாதிச் சாப்பாட்டில் சாமியின் மனைவி எழுந்து, தான் தனியாகக் கட்டிவந்த தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். திரும்பி வந்தபோது போணி கையிலேயே இருந்தது.

“சாமி முன்னால இல்லியே. இங்கன வந்தாவளா?”

கீழே கழிப்பறையில் இருப்பார் என்றார் ஒருவர். இல்லை. கேப்டனின் பக்கத்தில் இருப்பார் என்றார் இன்னொருவர். அங்கேயும் இல்லை. ஆண்கள் அவர் பின்பக்கம் மனைவியோடு சாப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர் முன்பக்கம் தனியாக இருக்கிறார் என்று நினைத்திருக்கிறோம். முதல் நடையில் வந்தவர்கள் அடுத்த நடையில் வருவார் என்றும், கடைசி நடையில் வந்தவர்கள் முதலிலேயே போய்விட்டார் என்றும் நினைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட அசட்டையாக இருக்கவில்லை. மாலை போட்டவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லாரும் ஒழுங்காக விலகி இருந்திருக்கிறோம்.

எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் இருந்தார். என் கணவரின் அலுவலகத்தில் வரவேற்பாளர். அவர்தான் மெதுவாகச் சொன்னார். “நான் கண்டனான், அக்கா. துவாயும் கொண்டு அந்தப் பாறைக்குப் பின்னால போனவர். பிறகு வந்திருப்பார் எண்டுதான் நினைச்சனான்.”

பாய் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார். மாலுமி கூடையைக் கவிழ்த்துச் செருப்புகளைப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. குறைய வழியே இல்லை. காலையில் அந்தக் கூடையில் எதையும் போடாதவர் அவர் ஒருவர்தான்.

கேப்டன் படகைத் திருப்பினார். “மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சிக்கலும் இல்லை என்று அர்த்தம். ஆனால் பாயைத் தனியே கூப்பிட்டு இந்தியில் அவர் சொன்னது வேறு. கடல்நீர் ஏறத் தொடங்கிவிட்டது, அந்தப் பாறையைச் சுற்றிப் போகும் வழி நீர் இறங்கியிருக்கும்போது மட்டும்தான் வெளியே தெரியும், பின்பக்கத்தில் மணல் கிடையாது. அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார்.

பாய் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியை மனைவியிடம் கொண்டுவந்தார்.

“தாமிரபரணியில நீந்துவாவ. கடல்ல எறங்குனதே கெடையாது” என்றார் அவர். போணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடி கழன்றுவிடாமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

திரும்பிப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். தீவு வந்தபோது முதலில் அதுதானா என்றே சந்தேகம். கைக்குட்டை அளவு இருந்த மணல் ஒரு விளிம்பாகிவிட்டிருந்தது. பாறையின் அடியில் நாங்கள் நடந்த இடத்தில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. வெயில் மலைக்குப் பின்னால் சரிந்து, அந்தப் பக்கம் முழுவதும் நிழலாகிவிட்டது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கத்தினோம். “சாமி! சாமி!” அந்த மலைகள் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தன. எங்கள் குரல் ஓய்ந்த பிறகும் “சாமி, சாமி” என்று நாலு பக்கமும் கேட்டது. அதில் ஒன்று அவர் குரலாக இருந்தால்கூடப் பிரித்தறிய முடியாது. குழந்தைகள் அழத் தொடங்கின. ஒருவர், “அந்தா, அந்தப் பக்கம்” என்றார். இன்னொருவர் நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டினார். சிறிய படகோடு காத்திருந்த மாலுமிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

சாமியின் மனைவி எழுந்தார். கையைக் காட்டி எங்களை அடக்கினார். எதிரொலி முழுவதும் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பஜனைகளில் குருசாமி இழுப்பாரே அந்த மாதிரி, ஒரே மூச்சில் இழுத்துக் கத்தினார்.

“சாமியே…!”

மலைகள் “சாமியே” என்றன. ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்தில் இடதுபுறப் பாறைக்குப் பின்னாலிருந்து, தொண்டை கட்டிய குரலில், மிக மெல்லியதாக ஒன்று வந்தது.

“சரணம் ஐயப்பா…”

எந்த மலையாலும் திருப்பிச் சொல்ல முடியாத பதில் அது. மனிதனால் மட்டும்தான் சொல்ல முடியும்.

மனைவி மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் பதில் வந்தது. மாலுமி அந்தத் திசையில் சிறிய படகைச் செலுத்தினார். அது பாறை முனையைச் சுற்றி மறையும்வரை அந்த அம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கேப்டன் நாங்கள் தொழுகிறோம் என்று நினைத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அமைதியாக நின்றார்.

திரும்பி வந்த படகில் சாமி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால்கள் சிப்பியில் கிழிந்து ரத்தம். குளித்துவிட்டுத் திரும்பும்போது வந்த வழி தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு திட்டின்மேல் ஏறி நின்றிருக்கிறார். எங்கள் படகு புறப்பட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது, பாட்டோடு. கத்தியிருக்கிறார். பிறகு வேறு இரண்டு படகுகள் தூரத்தில் போயிருக்கின்றன. வேட்டியை அவிழ்த்து வீசிக் காட்டியிருக்கிறார். கறுத்த பாறையில் கறுப்பு வேட்டி, யாருக்கும் தெரியவில்லை. மாலுமி போனபோது தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்திருந்ததாம்.

கை கொடுத்து மேலே ஏற்றினோம். மனைவி அவர் தோளில் ஓர் அடி வைத்தார். சத்தம் கேட்கிற அடி.

“ஏங்க, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கப்படாதா? நான் இங்க சோத்துப் போணியத் தூக்கிக்கிட்டு அலையிதேன்!”

அந்த ‘ஏங்க’வை எல்லாரும் கவனித்தோம்.

பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சாமி, என் பொறுப்புல வந்தீங்க. நான் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்திருக்கணும். என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

“மாலை போட்டிருக்கேன் பாய், இப்பக் கோவப்படப்படாது. மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழத்துன பொறவு உங்கள வச்சுக்கிடுதேன்.”

“தாராளமா. நாள் குறிச்சுச் சொல்லுங்க, லீவு போட்டுட்டு வர்றேன். மொதல்ல சாப்பிடுங்க.”

அவர் சிரிக்க முயன்றார். குளிரில் பல் கிட்டித்துக்கொண்டது. மனைவி தயிர்சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தார். அன்று அவர் படகின் முன்முனைக்குப் போகவில்லை. எங்கள் நடுவில், மீன் வாசத்துக்குள்ளேயே, கம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

துறைமுகத்தில் இறங்கும்போது மாலுமி செருப்புக் கூடையோடு நின்றார். ஆனால் கேப்டன் அதைப் பார்க்கவில்லை. பலகையின் ஓரத்தில் நின்று, இறங்கிய ஒவ்வொரு ஆணின் தோளையும் தொட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் தலையசைத்து, ஆள் ஆளாக அனுப்பினார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அன்று என் மேசைக்கு வந்த செய்திகளில் கடல் விபத்து ஒன்றும் இருந்தது, வேறு ஏதோ நாட்டில். எங்கள் படகில் நடந்தது செய்தியாகாது. யாரும் சாகவில்லை, காவல்துறை வரவில்லை, யார் தவறு என்று ஒரு வரியில் எழுதவும் முடியாது. மாலுமி தன் முறைப்படி சரியாக எண்ணினார். நாங்கள் எங்கள் முறைப்படி மரியாதையாக இருந்தோம். இரண்டு சரிகளுக்கும் நடுவே ஒரு மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

இப்போது யாரோடு எங்கே போனாலும், புறப்படும் முன் எண்ணும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுகிறேன். நான் ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறேன். கூட்டத்திலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவரை முதலில் கூப்பிடுகிறேன், அவர் சங்கடப்பட்டாலும் சரி. ஒருவருக்கு நாம் கொடுக்கும் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எனக்கு இப்போது ஓர் அளவு உண்டு: நான் கூப்பிட்டால் அவர் குரல் எனக்குக் கேட்க வேண்டும்.