அசரியா வாசித்த பெயர்

தப்பே பண்ணாத ஆள் என்று சித்தூர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அசரியாவுக்குப் பேர். அவரும் மறுத்ததில்லை. யாராவது சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். குனிந்த முகத்தில் சந்தோஷம் வழியும். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். நல்ல கணீர்க் குரல்.

எண்பத்தாறில் புது விதி வந்தது. பாலிசிதாரர்களின் கார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றியதைச் சரிபார்த்தபின் கார்டுகளைக் கிழித்துப் பேப்பர் மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். மெஷின் திருப்பதி ஆபீசில் இருந்தது. அசரியா கார்டு மூட்டைகளோடு பஸ் ஏறினார். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லும் குளுகுளு அறையில் அவர் கார்டை வாசிக்க, யசோதா என்ற பெண் தட்டினாள். பிறகு திரையில் விழுந்ததை அவள் படிக்க, அவர் கார்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவர் பாதியிலேயே கைகழுவிவிட்டார்.

"நான் வாசிச்சதும்மா. தப்பு எங்கருந்து வரும்?" என்று சொல்லி, கார்டின் மூலையில் டிக் போட்டுக்கொண்டே போனார். சீக்கிரம் முடித்துவிட்டாரே என்று திருப்பதி அதிகாரி கைகுலுக்கினார். சூப்பர்வைசர் வேலைக்கும் அவரைச் சிபாரிசு செய்தார்.

அடுத்த வருஷம் ரேணிகுண்டாவில் பட்டறை வேலை பார்த்து, ஞாயிறுதோறும் சித்தூர் வீட்டுக்கு வந்துபோன ஏசுரத்தினம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அசரியாவின் சபைக்காரர். கோயிலில்தான் ஏசுரத்தினம்; காகிதத்தில் முனிசாமி. மனைவி தபீதாள் காகிதத்தில் செங்கம்மா. ஞானஸ்நானப் பெயர் சர்க்கார் காதுக்குப் போனால் பிள்ளைகளுக்குள்ள எஸ்.சி. சலுகை போய்விடும் என்பதால், அந்தச் சபையில் பாதிக் குடும்பங்களுக்கு இப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே மூச்சுவிடமாட்டார்கள்.

தபீதாள் பாலிசியையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். மேனேஜர் தாமோதரன் மெஷின் அச்சடித்த தாளோடு வைத்துப் பார்த்தார்.

"இதுல முனிசாமின்னு இருக்குது. மெஷின்ல ஏசுரத்தினம்னு வருதே. யாரும்மா அது?"

அசரியா அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். கார்டில் முனிசாமி என்றுதான் இருந்தது. கோயிலில் பக்கத்தில் நின்று பாடுகிற ஆளின் கார்டு கைக்கு வந்ததும், கண் எழுத்தைப் பார்க்குமுன் வாய் பழகிய பெயரைச் சொல்லிவிட்டது. அந்தக் கார்டும் மில்லுக்குப் போய்விட்டது. 'நான்தான் சார் தப்பா வாசிச்சுட்டேன்' என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் சூப்பர்வைசர் ஆர்டர் வரவிருந்த வாரம் அது. பேனாவை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்னா தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிக்கினு வாம்மா" என்றார் தாமோதரன்.

தபீதாளின் முகம் செத்துப்போயிற்று. தாசில்தாரிடம் போனால் அவள் மகள் சர்க்கார் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான், படிப்பும் அதோடு சரி. அவள் அசரியாவைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு அப்பிடி ஒரு பேரே இல்லீங்க, சார்" என்றாள் தபீதாள். "நாங்க மிஷன் கோயிலுக்குப் போறவங்களும் இல்ல."

"அப்ப மெஷின் தப்புன்னு போட்டுக்கலாம். நீ சொன்னத எழுதி ரேகை வையி. அசரியா சார், நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அசரியா போட்டார். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம், ஆனாலும் போட்டார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் ஆர்டர் வந்தது. மறுநாள் கோயிலில் திருவிருந்து. எல்லாரும் எழுந்து முன்னே போக, தபீதாள் மட்டும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. புருஷனின் பெயரையும் கோயிலையும் ஒரே மூச்சில் மறுதலித்துவிட்டு வந்தவள் எந்த முகத்தோடு அப்பத்துக்குக் கை நீட்டுவாள்? அசரியா நீட்டினார்.

ஆராதனை முடிந்ததும் கேட்டருகில் ஓடிப்போய் அவளை நிறுத்தினார்.

"தபீதா, மெஷின் மேல தப்பு இல்லம்மா. நான்தான்..."

"தெரியும்ணா" என்றாள் அவள். "அந்த ஆபீசுல அவர ஏசுரத்தினம்னு கூப்புட்றவரு நீங்க ஒருத்தருதானே. வாயத் தொறப்பீங்கன்னுதான் உங்களப் பாத்துக்கினு நின்னேன்."