நான் உதைக்காத உதை

என் அக்கா கணவருக்கு எது நடந்தாலும் பழி போட ஓர் ஆள் வேண்டும். சாவி தொலைந்தால் அக்கா. மழையில் நனைந்தால், குடை எடுக்கச் சொல்லாத நான். லிஃப்ட் மெக்கானிக் அவர். வேலையில் மட்டும் அப்படியில்லை. யாரையும் திட்டாமல் ஏணியில் ஏறி, வெளிச்சம் அடித்துப் பார்த்து, கம்பிக்கயிற்றில் எந்த இழை தேய்ந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொறுமை எங்கே போய்த் தொலையுமோ.

ஒருநாள் மாலை தெருவில் ஷட்டில் ஆடினோம். நானும் அவரும் ஒரே பக்கம். முன்னால் நின்றவர் கார்க்கை எடுக்கப் பாய்ந்தார். 'டப்'பென்று ஒரு சத்தம். கீழே கிடந்தபடி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏன்டா உதைச்ச?"

நான் எங்கோ பின்னால் நின்றேன். "உங்களைத் தொடவே இல்ல மாமா."

"வாங்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா என்னை நச்சரித்து எடுத்தாள். "உதைச்சியோ இல்லையோ, ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

கேட்டுத் தொலைத்தேன். மனிதருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. உதைதானே, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று தைலம் தடவிக்கொண்டு வாரக்கணக்கில் நொண்டினார். டாக்டரிடம் போகலாம் என்றால், "நீ உதைச்சதுக்கு நான் ஊசி குத்திக்கணுமா?" என்பார். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் ஏணியின் முதல் படியில் முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமல் நின்றபோதுதான் பயந்துபோய் டாக்டரிடம் கிளம்பினார்; அக்காவும் நானும் கூடப் போனோம்.

டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். நல்ல காலில் பாதம் அசைந்தது. மற்றதில் அசையவே இல்லை.

"தசை இழுக்குறதை எலும்புக்குக் கொண்டுபோறது குதிகாலுக்கு மேல இருக்குற தசைநாண். நார் நாரா சேர்ந்த இணைப்புத் திசு, உங்க லிஃப்ட் கயிறு மாதிரி. அது அறுந்துபோச்சு. அங்க ரத்த ஓட்டம் கம்மி, மெதுவாத்தான் ஆறும். இவ்வளவு நாள் விட்டதுல முனைங்க ரெண்டும் விலகிடுச்சு. ஆபரேஷன் பண்ணாலும் பழையபடி ஏணி ஏறுவீங்களான்னு உறுதியா சொல்ல முடியாது."

"இவன் உதைச்சதுல அறுந்துச்சா?"

"யாரும் உதைச்சிருக்க மாட்டாங்க. இது அறுந்தா நிறைய பேருக்கு அப்படித்தான் தோணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"அப்போ ஏன் மச்சான் மன்னிப்பு கேட்ட?" என்றார். "இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா அன்னைக்கே இங்க வந்திருப்பேனே."

இத்தனை வருஷமாக அவர் போட்ட பழிகளில் இது ஒன்றுதான் சரியாக வந்து பொருந்தியது. அக்காவைப் பார்த்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து அவருடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.