சரஸ்வதி பூஜையில் உட்கார்ந்த சர்வர்

என் மனைவி வளைகுடாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பறை, புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டின் பின்னறை. பழைய இணைப்பில் அவள் முகம் அடிக்கடி உறைந்துபோகும். 'நான்கில் ஒரு பங்கு' என்று ஆரம்பித்தவள் 'நா'வோடு வாயைத் திறந்தபடி நின்றுவிடுவாள். பிள்ளைகள் அதைப் படமெடுத்து ஸ்டிக்கராக்கி அவளுக்கே அனுப்பினார்கள்.

ஐ.டி.க்காரன் வீட்டில் இப்படி நடந்தால் வெளியில் தலைகாட்ட முடியுமா? ஃபைபர் இணைப்பு வாங்கினேன். வாசலிலிருந்து பின்னறைவரை கேபிளை நானே இழுத்தேன். சுவரில் நான் போட்ட துளை அடுக்களை அலமாரிக்குள் போய் எட்டிப் பார்த்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் வகுப்பு அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினியைப் பைக்கில் கட்டித் தூக்கிவந்து, தூசி தட்டி, புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, வீட்டுக்கென்று ஒரு சர்வர் தயார் செய்தேன். எங்கள் படங்கள், அவளுடைய பாடங்கள் எல்லாம் அதில் இருக்கும். எந்த அறையிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அவள் இணையத்தில் எங்கோ வாடகைக்கு இடம் பிடித்துப் பாடங்களை வைத்திருந்தாள்.

"நம்ம சாமானை எவன் வீட்லயோ எதுக்கு வைக்கணும்?" என்று கேட்டு அதை நிறுத்தவைத்தேன். அவளுடைய பென்டிரைவையும் துடைத்துத்தான் சர்வருக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை இவ்வளவு முறையாகச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செய்யூர்ப் பக்கத்துக்காரியான என் அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகவில்லை.

"இன்னாடா இது, எந்நேரமும் கண்ண சிமிட்டிகினே கீது?"

"அம்மா, அது வெறும் பொட்டி இல்ல. உன் மருமக பாடப்புத்தகம் அத்தனையும் அதுக்குள்ளதான் கீது."

அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். அன்றிலிருந்து கால் படாமல் சுற்றிக்கொண்டு போனாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

சரஸ்வதி பூஜை வந்தது. நமக்கு விடுமுறை, வளைகுடாவில் வேலைநாள். அன்று மாலை, அவளை வகுப்பெடுக்க வைத்திருந்த பள்ளியின் தலைமை ஆசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவளை நிரந்தரமாக எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. பின்னங்கள் பாடத்துக்காக இவள் வாரக்கணக்கில் படம் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் சர்வரில்.

பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு நான் கடைத்தெருவிலிருந்து திரும்பினேன். சர்வர் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டு காலி. பூஜையறையில் மனைப்பலகையின் மேல், சந்தனம் குங்குமத்தோடு, சாமந்திச் சரம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைமேல் அகராதி.

"அம்மா! இத ஏம்மா புடுங்குன?"

"புஸ்தகம்னு நீதானடா சொன்ன? லைட்டு மின்னிகினே இருந்துச்சி. படிச்சிகினு கீதுன்னு அர்த்தம். இன்னிக்கி யாரும் படிக்கக்கூடாது."

ஒரு நியாயஸ்தலத்திலும் இதற்கு மறுப்பு கிடையாது. நான் அகராதியை நகர்த்தக் கை நீட்டினேன். பின்னால் வந்து நின்ற மனைவி கையைத் தட்டிவிட்டாள். மதுரைக்காரி, அவள் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"பூஜையில வச்சதை மறுபூஜை முடியாம எடுப்பீங்களா? என் வேலைய முடிவு பண்ற நாள்ல சரஸ்வதியப் பகைச்சுக்கச் சொல்றீங்களா?"

"அப்ப பாடம்?"

"அதை, எல்லாத்தையும் ஒரே பொட்டியில போடச் சொன்ன மகராசன்கிட்ட கேளுங்க."

அந்த வேலைக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"சொல்லிக்குடுக்கறது படிக்கறதுல சேராது. நீ கிளாஸ் எடும்மா" என்று அம்மா சலுகை கொடுத்தாள். லேப்டாப் அதனால் தப்பியது. மனைவி அடுக்களைக்குள் போய் ஓர் அடை, இரண்டு கொய்யாப்பழம், ஒரு தட்டு கொண்டைக்கடலைச் சுண்டல் எடுத்துவந்தாள். லேப்டாப்பின் கேமரா மேசையைப் பார்க்கும்படி சாய்த்துவைத்தாள். வகுப்பு ஆரம்பித்தது. அடை பாதியானது, காலானது, அரைக்காலானது. பாதி கொய்யாவையும் கால் கொய்யாவையும் கூட்டினாள். சுண்டல் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் வளையல் கை மட்டும் படத்தில் தெரிந்தது.

"மிஸ், அது யார் கை?"

"என் மாமியார் கை."

"மிஸ், அவங்க சுண்டலை எடுத்துட்டாங்க! கணக்கு தப்பாகுது!"

"வெரி குட். இப்ப மீதி எவ்வளவு?"

அம்மா சுண்டலை மென்றபடி கையை மறைத்தாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு விடை கத்தினார்கள். தலைமை ஆசிரியை சிரித்த சிரிப்பு, என் புது இணைப்பில் ஓர் இடத்திலும் திக்காமல் எங்கள் கூடம்வரை கேட்டது. முடிந்ததும், "அடுத்த மாசத்துலேருந்து நீங்க பெர்மனென்ட்" என்றார். மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வகுப்போட ரிக்கார்டிங்கை அனுப்புங்க. மத்த டீச்சர்ஸுக்குக் காட்டணும்."

அவளுடைய வகுப்புகள் எல்லாம் தானாகவே பதிவாகிச் சேரும்படி செய்துவைத்திருந்தவன் நான். சேருகிற இடம் சர்வர். மூவரும் பூஜையறைப் பக்கம் பார்த்தோம்.

"கொஞ்சம் டெக்னிக்கல் பிரச்சினை மேடம்" என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாக அவள் தன் பாடங்களைப் பிரதி எடுத்தாள். இப்போது அவை மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று என் சர்வர். இன்னொன்று அந்தப் பழைய வாடகை இடம். மூன்றாவது எங்கே என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லமாட்டார்களாம்.