துளசியைத் தேடிப் பலேர்மோவுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோவுக்குப் போகிறவர்கள் என்னிடம் விபரம் கேட்பதுண்டு. நான் போனது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஏப்ரலில். ஊர் பார்க்கப் போகவில்லை. லண்டனில் நான் வேலை செய்த தமிழ்ப் பத்திரிகைக்கு வசந்தி என்ற பெண் உதவி கேட்டு வந்தார். விடுமுறைக்கென்று ஆறு வயது மகள் துளசியைக் கூட்டிப்போன, பலேர்மோவில் வீட்டு வேலை செய்த கணவர் சிவம், திருப்பி அனுப்பாமல் பலேர்மோவிலேயே வைத்துக்கொண்டார்.

இப்படிக் கொண்டுபோன பிள்ளையை, அது வாழ்ந்த நாட்டுக்கே அனுப்பிவைக்க ஒரு சர்வதேச ஒப்பந்தம் உண்டு. பிரிட்டனும் இத்தாலியும் அதில் இருந்தன. லண்டனில் இதைக் கவனிக்கும் அரசு அலுவலகம் ரோமுக்கு எழுத, ரோம் பலேர்மோ சிறுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, வெள்ளிக்கிழமை விசாரணை என்றானது. இலங்கை அப்போது அதில் சேரவில்லை. விசாரணைக்கு முன் சிவம் பிள்ளையோடு கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது.

வசந்திக்குத் துணையாக நானும் போனேன். ரோமிலிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். சிசிலிக்கு முன்னால் மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடக்கிறார்கள். மேல்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். வசந்தி பெட்டியை விட்டு இறங்கவில்லை.

சனி காலை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் இறங்கினோம். தங்கியது வியா மக்வேதா தெருவை ஒட்டிய சந்தில், ரஞ்சன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா வீட்டில் சமையல். மதியம் பொலிதேயாமா அரங்கின் அருகே வசந்தியின் வழக்கறிஞர் அம்மையாரைப் பார்த்தோம். வெள்ளி வரை பிள்ளையை நெருங்க வேண்டாம், தூக்கினால் கடத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள் என்றார்.

வீட்டு வேலைக்காரருக்கு அங்கே வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு காலையில் நம்மவர்கள் வெறுங்காலோடு பெல்லக்ரீனோ மலை ஏறி, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்குப் போவார்கள். சிவமும் பிள்ளையோடு வருவார் என்றார் ரஞ்சன்.

"இவவும் எங்கட அம்மாள்தான் அண்ணை. பெர்மெஸ்ஸோ மட்டும் தரமாட்டா, அதுக்குக் குவெஸ்தூரா வாசல்லைதான் நிக்கோணும்."

பெர்மெஸ்ஸோ என்பது தங்குவதற்கான அனுமதி; குவெஸ்தூரா அதைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகம். தூரத்தில் நின்று பிள்ளையைப் பார்த்தால் போதும் என்றார் வசந்தி. நான் தடுத்தேன், கேட்கவில்லை.

பொலிதேயாமாவிலிருந்து பஸ், அன்று ஆயிரத்தைந்நூறு லீரா. நடப்பவர்களுக்குப் பழைய கல்பாதை, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். நாங்கள் பஸ்ஸில் போனோம், ரஞ்சன் காரில் வந்தார். குகை வாசலில் துளசிதான் முதலில் கண்டாள். ஓடிவந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரஞ்சன் குனிந்து, "அக்கா, கார் கீழை நிக்குது. ஏத்துங்கோ, ரோம் பிரிட்டிஷ் எம்பசியிலை மிச்சம் பாப்பம்" என்றார்.

சிவம் கிட்ட வந்தார். சத்தம் போடவில்லை. "கூட்டிக்கொண்டு போய்ப் பாரும். திரும்பத் தூக்கி நேரா கொழும்புக்கு ஏத்திப்போடுவன்."

வசந்தி உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த சிறு கற்களைத் தட்டிவிட்டார். பிறகு எழுந்து, அவள் கையை சிவத்தின் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அம்மா, நானும் வாறன்" என்று துளசி கத்தியது பஸ் தரிப்பு வரை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சன் சொன்னார். "விசர் வேலை அக்கா, கைக்கு வந்த பிள்ளையைத் திருப்பிக் குடுக்கிறதே."

"நான் தூக்கினா அவர் வந்து தூக்குவார். பிள்ளை எத்தினை தரம் ஓடுறது, தம்பி?"

வியாழன்தான் பயந்த நாள். சிவத்துக்கு ஓய்வு. ரஞ்சனும் நானும் விமான நிலைய பஸ் நிற்குமிடத்தில் பிற்பகல் முழுக்க நின்றோம். வரவில்லை. அதனால் நிம்மதியும் இல்லை, டாக்சி இருக்கிறதே.

வெள்ளி காலை சிவம் நீதிமன்றத்துக்கு வந்தார், துளசியோடு. நான் வெளி வராந்தாவில் நின்றேன். உள்ளே நடந்ததை வசந்தி பிறகு சொன்னார். தாய் மலையில் பிள்ளையைத் தூக்க வந்தார் என்றார் சிவத்தின் வழக்கறிஞர். நீதிபதி சிவத்திடமே கேட்டார்.

"இல்லை. கையிலை பிடிச்சு என்னட்டைத் தந்தவ."

மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலிய மொழியில் சொன்னார். பிள்ளை லண்டனுக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றே தீர்ப்பானது. வெளியே படியில் சிவம் குனிந்து துளசியின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு, அவள் கையை வசந்தியிடம் கொடுத்தார்.

மலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு வெயில் ஏறுமுன் போங்கள்; வெறுங்காலென்றால் கல் சுடும். உங்கள் வீட்டிலேயே இப்படி நடந்தால், முதலில் நீங்கள் வாழும் நாட்டு அரசாங்கத்தில் இதைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள். அதற்குள் நல்ல மனதோடு யாராவது, கார் கீழே நிற்கிறது என்பார்கள். நிற்கட்டும்.